தரங்கம்பாடிக்குப் போகிறவர்களுக்கு

கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு நாளைக் கழிக்க என்ன வழி என்று கேட்டால் சுற்றுலாக் கையேடுகளிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கும். கோட்டை பார்க்கலாம், மணலில் காலாற நடக்கலாம், சூரியோதயத்தைப் படம் பிடிக்கலாம், மீன் வறுவல் சாப்பிடலாம். தரங்கம்பாடிக்கும் இதே பட்டியல்தான். கூடுதலாக ஓசோன் காற்று.

இந்த ஓசோனை முதலில் ஒதுக்கிவிடுவோம். உலகிலேயே ஓசோன் மிகுந்த கடற்கரைகளுள் ஒன்று தரங்கம்பாடி என்பது நெடுநாளாகப் பரப்பப்பட்டு வரும் பெருமை. தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குத் தீங்கு. பெருநகரங்களில் காற்று மாசை அளப்பவர்கள் அதையும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள். கடற்கரையில் நாம் முகரும் அந்த மணத்தில் பெரும்பங்கு கடலின் நுண்ணுயிர்களிலிருந்து பிறக்கும் கந்தகச் சேர்மத்துக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடற்காற்றை மருந்தென்று நம்பியவர்கள் விட்டுச் சென்ற சொல் இங்கே இன்னும் உலவுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஊர்ப் பெயர். ‘அலைகள் பாடும் ஊர்’ என்று பொருள் சொல்லாத கையேடு இல்லை. தரங்கம் என்றால் அலை, அது சரி. ஆனால் இங்குள்ள ‘பாடி’ ஆயர்பாடியில் உள்ள பாடிதான், குடியிருப்பு என்பது பொருள். பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டோ சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் இவ்வூரைக் குறிக்கிறது. அந்தக் குலசேகரன், 1306ஆம் ஆண்டு வாக்கில் இக்கோயிலை எழுப்பிய மாறவர்மன் குலசேகர பாண்டியன். கவிதை உள்ளங்களுக்கு இதனால் வருத்தம் நேருமாயின் பொறுத்தருள்க.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ முடித்த குடும்பங்கள் மாலை வாடுவதற்குள் வேனில் ஏறி இங்கே வந்து, கோட்டைச் சுவரில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றன. அவர்கள்மீது நமக்குக் குறையில்லை. ஒரு நன்னாளின் மாலைக்கு அது போதும். நம் குறை இலக்கிய வாசகர்கள்மீதுதான். எழுத்தாளர் பிறந்த வீட்டையும் அவர் உலவிய தெருவையும் தேடி எங்கெங்கோ போகிற நாம், தரங்கம்பாடிக்குப் போனால் மட்டும் அந்த அறுபதாம் கல்யாணக் குடும்பத்தைப் போலவே கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

கோட்டையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசருக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஓவெ கியெட்டெ என்ற கடற்படைத் தலைவர் எழுப்பத் தொடங்கியது இந்த டான்ஸ்போர்க் கோட்டை. அப்போது நாயக்கர் தங்க ஏட்டில் எழுதுவித்து டென்மார்க் அரசருக்கு அனுப்பிய தமிழ் மடல் இன்றும் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டைக்குள் தொல்லியல் துறையின் சிறு காட்சிக்கூடம் உண்டு. பார்த்து முடித்த பிறகு, 1708 நவம்பர் முதல் நான்கு மாதம் இக்கோட்டையில் சிறையிருந்த ஒருவரை நினைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்கலாம். கோட்டைத் தளபதியோடு பிணங்கியதால் அடைபட்ட பார்த்தலோமேயு சீகன்பால்கு அவர். 1706 ஜூலை 9 அன்று இக்கரையில் இறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ இருபத்து நான்கு வயது. 1719இல், தம் முப்பத்தாறாம் வயதில், இங்கேயே இறந்தார். முந்தைய ஆண்டு தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டார்.

சீகன்பால்குவைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சு உண்டு. தமிழில் முதன்முதலாக அச்சிட்டவர் என்று ஒரு சாரார் கொண்டாடுவர். இது பிழை. தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. 1586இல் ‘அடியார் வரலாறு’ தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அச்சேறியது. (அதுவும் ஒரு கடலோரச் சிற்றூர், அங்கே போகிறவர்கள் இன்னும் குறைவு.) மதம் மாற்ற வந்தவர், அவருக்குத் தமிழ்மீது என்ன பற்று என்று மறு சாரார் ஒதுக்குவர். மதம் மாற்ற வந்தவர் என்பது உண்மை. அவரே அதை மறைத்தவரல்லர். ஆனால் இரு சாராரும் பேசாமல் விட்டுவிடுகிற ஒன்றுதான் நமக்கு முக்கியம். வந்து இரண்டே ஆண்டுகளில் இந்த மனிதர் ஒரு நூலகம் சேர்த்தார்.

1708இல் தம்மிடமிருந்த தமிழ் நூல்களுக்கு அவர் ஜெர்மன் மொழியில் ஒரு விவர அட்டவணை எழுதினார். கிறித்தவ, இசுலாமிய நூல்களை நீக்கிப் பார்த்தாலும் 119 நூல்கள். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, யார் எழுதியதாகக் கருதப்படுகிறது, மக்கள் அதை எப்படி மதிக்கிறார்கள் என்ற குறிப்புகள் அதில் உண்டு. திருக்குறள் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நீதி நூல்கள் இருக்கின்றன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ஐரோப்பிய மொழியில் தமிழ் நூற்பட்டியல் என்று சொல்லத்தக்கவற்றுள் மிகப் பழையவற்றுள் ஒன்று, கோட்டைச் சுவரில் நாம் படம் எடுத்துக்கொள்கிற இடத்திலிருந்து சில நூறு அடி தொலைவில் எழுதப்பட்டது.

ஏடுகள் எங்கிருந்து வந்தன? தம் எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி, இறந்துபோன பார்ப்பனர்களின் விதவைகளிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். ஒரு வரிக் குறிப்புதான். ஆனால் தமிழில் ஏடுகள் அழிந்த கதையை உ.வே.சாமிநாதையர் வழியாக அறிந்த நாம் இந்த வரியை எளிதில் கடந்துவிட முடியாது. கணவனின் ஏட்டுக்கட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்துச் சில பணம் வாங்கிக்கொண்ட அந்தப் பெண்கள் யார்? படிக்கத் தெரிந்தவர்களா? எந்தெந்த ஊர்க்காரர்கள்? ஒரு பெயரும் இல்லை.

பெயர் தெரிந்த ஒருவர் உண்டு, அழகப்பன். டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். சீகன்பால்குவுக்குத் தமிழும் தமிழர் வழக்கமும் விளங்கியதில் பெரும்பங்கு இவருடையது. அதற்கு அவர் கொடுத்த விலை அதிகாரத்தின் பகையும் சிறையும். 1712 முதல் 1714 வரை, மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய விடைக் கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. பெரும்பகுதி அழகப்பன் எழுதியதாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர். தெய்வம், திருமணம், மருத்துவம், கல்வி, வெள்ளையரின் நடத்தை என்று பலவற்றையும் அக்கடிதங்கள் பேசுகின்றன. எஞ்சியிருப்பது ஜெர்மன் மொழிபெயர்ப்பு. தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் நாட்குறிப்பைத் தொடங்கியது 1736இல். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் ஒரு தமிழர் தம் சமூகத்தைப் பற்றி உரைநடையில் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். அந்த உரைநடை எப்படி ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் வாசகருக்கு ஊர் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும் என்பது நம் எண்ணம்.

1713இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வரன்முறை பற்றி ஒரு பெருநூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த தலைவர் பிராங்கே அதை அச்சிட விரும்பவில்லை. இவர்களை அனுப்பியது அதற்காகவா என்பது அவர் நிலை. கடைசியில் அந்நூல் 1867இல்தான், அதுவும் சென்னையில், வெளிவந்தது. மதம் மாற்ற வந்தவருக்குத் தமிழ்மீது என்ன பற்று என்று கேட்பவர்கள், அவரை அனுப்பியவர்களே அந்தப் பற்றைக் கண்டு முகம் சுளித்ததையும் சேர்த்து எடை போட வேண்டும்.

அச்சுக்கூடத்தின் கதையும் சுவையானது. 1712இல் இலண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அவை மிகப் பெரியவை. நம் எழுத்தின் வளைவுகளை அறியாத கைகள் செதுக்கியவை வேறு எப்படி இருக்கும்? நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சானபோதே காகிதம் கரைந்துவிட்டது. ஐரோப்பாவிலிருந்து அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க முடியாமல் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இலண்டனிலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கினார்கள் என்று மிஷன் வரலாறு எழுதியோர் சொல்வதுண்டு. 1715இல் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. தமிழ் எழுத்து சிறுத்துப் பக்கத்துக்குள் அடங்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். இன்று ஒரு சிறுபத்திரிகையின் எழுத்துரு கண்ணை உறுத்துகிறதென்று சண்டை பிடிக்கிற நம் போன்றோர் அதற்காகவாவது ஒருமுறை இங்கே வந்து போகலாம். அவர் வாழ்ந்த இல்லம் 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கோட்டைக்குக் கொடுக்கும் நேரத்தைவிடச் சற்று அதிகம் அதற்குக் கொடுப்பது தகும்.

இங்கே நமக்கொரு மனத்தாங்கல் உண்டு. கோட்டை, வாயில், மாளிகை எனப் பழுதுபார்க்கப்பட்டுப் பளிச்சிடுவன பெரும்பாலும் டேனிஷ் காலத்துக் கட்டடங்கள். அவை காக்கப்பட வேண்டியவைதாம். டென்மார்க்கினர் தம் மூதாதையர் கட்டியதன்மேல் அக்கறை கொள்வதில் பிழையும் இல்லை. ஆனால் 1845இல் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு வங்கத்துச் சீராம்பூரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட ஒரு வணிகத் துறைமுகத்தின் நினைவு மட்டுமே ஊரின் முகமாகிவிட்டது. அரசாட்சியைவிட நீண்டு நிலைத்த ஏட்டுக்கும் அச்சுக்கும் தமிழ் வாசகர் தரப்பிலிருந்து ஒரு விழாவோ வாசிப்புக் கூட்டமோ இங்கே வழக்கமாக இல்லை. சீகன்பால்குவுக்குச் சிலை உண்டு. அழகப்பனுக்கு ஒரு பலகைகூட நம் கண்ணில் படவில்லை. இதைச் செய்ய வேண்டியவர்கள் டென்மார்க்கினரா? 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை இவ்வூரில் முனிசீப்பாக இருந்தவர். தமிழின் முதல் நாவலாசிரியர் வழக்குக் கேட்ட ஊர் என்ற நினைவும் அவ்வாறே மங்கிக் கிடக்கிறது.

மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போகும்போது கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கோயிலின் முன்பகுதியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. இப்போது காண்பது பின்னாளில் திருப்பணி கண்ட கோயில். கரைநெடுகக் குவித்த பாறைகள் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்தவை. அந்தக் காலையில் இவ்வூர் மீனவர் குடியிருப்பு இழந்த உயிர்கள் பல. பின்னர்க் கடலுக்கு எட்டவே வீடுகள் எழுந்தன. படகு கரையில், வீடு உள்ளே என்றானது பிழைப்பு. மாலையில் பாறைமேல் அமர்ந்து காற்று வாங்குகிற நாம், எதன்மீது அமர்ந்திருக்கிறோம் என்று அறிந்து அமர்வது நல்லது. அதிகாலையில் வலை இறங்கும் நேரத்தில் கரையில் நின்றால் மீனின் விலையும் தெரியும், மீன்பெயர்கள் பத்தும் காதில் விழும். நம் அகராதிகளில் எத்தனை இருக்கின்றன என்று வீடு திரும்பிப் பார்க்கலாம். ஆனால் வேலையில் இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

மயிலாடுதுறையிலிருந்து 1926 முதல் 1986 வரை ஒரு மீட்டர் கேஜ் ரயில் இங்கே வந்துகொண்டிருந்தது. இப்போது பேருந்துதான். அது பொறையாறு வழியாகப் போகும். காகிதம் போதாதபோது சீகன்பால்குவின் ஆட்கள் காகித ஆலை ஒன்றை அமைத்துப் பார்த்தது அந்தப் பொறையாற்றில்தான். ஆலை நெடுநாள் ஓடவில்லை. இறங்கிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. கடைத்தெருவில் தேநீர் நன்றாக இருக்கும்.