திரைக்குப் பின் நிற்போர்க்கும் ஓர் ஏடு வேண்டும்

பள்ளி விழாக்களில் நாடகம் முடிந்ததும் நடித்தோர் வரிசையாக நின்று வணங்குவர், அவையோர் கைதட்டுவர், தலைவர் பரிசில் வழங்குவர். அவ்வேளையில் திரைக்கயிறு பிடித்தவனும், விளக்கை இயக்கியவனும், முடியும் அணிகலனும் செய்தவனும் மேடையின் பின்புறத்தே ஆணி பிடுங்கிக்கொண்டிருப்பர். அவர்களை மேடைக்கு அழைத்துப் பாராட்டினால் மட்டும் போதாது. அவர்தம் கைத்திறனுக்குச் சான்றான ஒரு பணித் தொகுப்பேட்டினை அவர்களே அமைத்துக்கொள்ளப் பழக்குதல் ஆசிரியர் கடன் என்பது என் கருத்து.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்பிக்குந்தோறும் நான் வியப்பது ஒன்றுண்டு. 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் என அரங்கின் அளவையும், மூவகை எழினியையும், தூண்களின் நிழல் விழாதவாறு விளக்கு நிறுத்திய முறையையும் இளங்கோவடிகள் குறித்துள்ளார். அதனாலன்றோ அவ்வரங்கை இன்றும் நம்மால் மனக்கண்ணில் எழுப்பிப் பார்க்க முடிகின்றது! ஆயின், அதனை அமைத்த கைவினைஞன் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

மலையகத்திலும் அந்நிலையே. மாசித் திங்களில் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தில் ரதி, மதன் வேடம் புனைந்தோரை ஊர் நினைவில் வைத்திருக்கும். மதனுக்கு முடி செய்தவரை மறந்துவிடும்.

ஹல்துமுல்லைப் பகுதியில் லயத்திலே வளர்ந்த என் மாணவன் ஒருவன், காமன் தகனத்தைப் பள்ளி மேடையேற்றியபோது, பிஸ்கட் தகரத்தை வெட்டி மின்குமிழைச் சுற்றி மறைத்து, சிவப்புத் தாள் ஒட்டி, நெற்றிக்கண்ணின் கனல் மதன்மீது மட்டும் பாயுமாறு செய்தான். அவை மூச்சடங்கி இருந்தது. பின்னர் ஒரு நேர்முகத் தேர்வில், "நீர் செய்தவற்றைக் காட்டும்" என்றனராம். பரீட்சைச் சான்றிதழன்றி அவனிடம் வேறொன்றும் இல்லை, திரும்பி வந்தான். வழிகாட்டாத குற்றம் என்னுடையதே.

அவ்வேட்டில் இருக்கவேண்டியவை அரியன அல்ல. அளவிட்டு வரைந்த மேடைப்படம். எவ்விளக்கு எங்கே நின்றது, எச்சொல்லில் ஒளி மாறியது என்னுங் குறிப்பு. உடையின் மாதிரித் துணித்துண்டு. அவையிலிருந்து எடுத்த ஒளிப்படம். செலவுக் கணக்கு ஆகியன போதும். ஒத்திகையில் சிவப்புத் தாள் கருகியதையும், அதனைக் குமிழிலிருந்து விலக்கி வைத்துத் திருத்தியதையும் எழுதலாம். பிழையைத் திருத்திய வகையே அறிவுக்குச் சான்று. தான் செய்தது எது, தோழர் செய்தது எது எனப் பிரித்து உரைத்தல் நேர்மை. செய்தன யாவற்றையும் அடுக்காது, சிறந்தவற்றைத் தெரிந்தெடுத்தல் நலம்.

"பண்டைக் கூத்தாசிரியர் ஏடு வைத்தோ கலை வளர்த்தனர்?" என வினவுவாருளர். அன்று தந்தை செய்ததை மைந்தன் அருகிருந்து கற்றான். இன்று இளைஞர் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர். அருகிருந்து கற்கும் வழி அறுந்தவிடத்து ஏடே ஆசிரியனாதல் வேண்டும்.

ஏட்டின் படியொன்று பள்ளி நூலகத்திலும் இருத்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை உயிர்களோடு மூடிற்று. மாண்ட உயிர்க்கு ஈடில்லை. எனினும் எஞ்சியோர் தம் வாழ்வை மீளக் கட்டுங்கால், முன்பு கற்றதற்கும் செய்ததற்கும் சான்று வேண்டுமன்றோ? லயத்துப் பெட்டி ஒன்றையே நம்பி அதனை வைத்தல் தகாது.

பழைய மாணவ அன்பர்காள்! உங்களுள் ஒளிப்படம் எடுப்போர் உளர். கட்டடப் படம் வரைவோர் உளர். மின்தொழில் வல்லோர் உளர். ஆண்டுக்கொருமுறை ஒரு தோட்டப் பள்ளியின் நாடகத்துக்கு வந்து, மேடையின் முன்வரிசையில் அமராது பின்புறம் செல்லுங்கள். அங்கே தகரம் வெட்டும் சிறுவனுக்கு அளவுகோல் பிடிக்கக் கற்பியுங்கள். நம் கல்லூரி நமக்குச் செய்ததற்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவாகுக.