மாலை வேண்டா, சங்கமே வேண்டும்!

ஊருக்கு உழைத்த ஒருவர் மறைந்தால் நாம் செய்வது யாது? அந்தியேட்டி நாளிலே கல்வெட்டு அச்சிட்டு வழங்குகின்றோம். மாலை சூட்டிய படமொன்றை வாசிகசாலைச் சுவரில் மாட்டுகின்றோம். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று நாலுபேர் பேச, கேட்டிருந்துவிட்டு வீடு திரும்புகின்றோம். இச்சொற்றொடர் புகழுரை போலத் தோன்றினும், உண்மையில் அது எம்மீது நாமே சாட்டிக்கொள்ளும் குற்றமாகும். தொண்டர் போனதும் தொண்டும் போய்விடுமாயின், அதனைத் தொடர்வதற்கு ஊரார் ஒரு வழியும் வகுத்து வைக்கவில்லை என்பதன்றோ பொருள்?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, தமிழர்க்கு மருமகளாய் வந்து, இலங்கைப் பெண்களுக்காக ஓர் ஆயுட்காலம் உழைத்த அம்மையார் ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம். அவர்தாம் டாக்டர் மேரி இரத்தினம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்து, அந்நாட்டிலே வைத்தியம் கற்று, 1896இல் இலங்கைக்கு வந்தவர். மிஷன் வைத்தியராகப் பணிபுரிவதே அவர் கொண்ட நோக்கம். ஆனால் அவர் கைப்பிடித்தவரோ தமிழர், எஸ். சி. கே. இரத்தினம் அவர்கள். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி சுதேசி ஒருவரை மணந்ததை மிஷன் பொறுக்கவில்லை. அவரை ஏற்க மறுத்தது. அன்பைப் போதிக்க வந்தோரின் அன்புக்கும் நிறத்தின் எல்லை இருந்தது!

வேறொருவராயின் அடுத்த கப்பலிலே ஊர் திரும்பியிருப்பார். அம்மையாரோ கொழும்பிலே தங்கித் தாமாகவே வைத்தியத் தொழில் நடத்தலானார். பெண்களே அவரை நாடி வந்தனர். நோய்க்கு மருந்து கொடுத்தார். ஆயின் நோயின் வேர் உடலில் மட்டும் இல்லை என்பதையும் கண்டுகொண்டார். அறியாமையும் வறுமையும், வீட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் தனிமையும் பெண்ணைப் படுக்கையில் வீழ்த்துகின்றன என்பதை உணர்ந்தார். மருந்துப் போத்தலால் தீராத இந்நோய்களுக்குப் பெண்கள் கூடுவதே மருந்தென்று தெளிந்தார்.

அன்று தொடங்கிய பணி ஓயவில்லை. 1909ஆம் ஆண்டு கொழும்பிலே தமிழ் மாதர் சங்கம் தோன்றியபோது அதனை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். பாடசாலைகளுக்கெனச் சுகாதார நூல் எழுதினார். 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரி எழுந்த சங்கத்திலும் முன்னின்றார். நான்காண்டுகள் கழித்து, 1931இல், இந்நாட்டுப் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றனர். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. பிள்ளைப்பேற்றைத் திட்டமிடுதல் பற்றி வாய் திறப்பதே பாவமென்று கருதப்பட்ட காலத்திலே, அதனைப் பகிரங்கமாகப் பேசி வசையும் ஏற்றார்.

இவை யாவற்றினும் மேலாக நாம் மதிப்பது 1930இல் அவர் நிறுவிய லங்கா மகிளா சமிதியையே. அவருடைய பிறந்த நாட்டிலே, அவர் புறப்பட்டு வந்த மறு ஆண்டாகிய 1897இல், கிராமப் பெண்களின் சங்கமொன்று தோன்றியது. அடிலெயிட் ஹூட்லஸ் என்னும் தாயொருத்தி தன் குழந்தையை இழந்தாள். அசுத்தமான பாலே எமனாயிற்று என்று நம்பி, வீட்டுச் சுகாதாரத்தை எல்லாப் பெண்களுக்கும் கற்பிக்கவேண்டுமென எழுந்தாள். கமக்காரர் தமக்கெனச் சங்கம் வைத்திருந்தனர். அவர்களின் இல்லத்தரசியருக்கு ஏதும் இருக்கவில்லை. கமக்காரர் சிலரின் ஆதரவோடே அப்பெண்களின் சங்கம் உருவாயிற்று. மேரி அம்மையார் அம்மாதிரியை இலங்கை மண்ணுக்கு ஏற்றபடி நட்டார்.

சமிதியின் வழி எளியது. கிராமப் பெண்கள் ஓரிடத்திலே கூடுவர். தலைவியையும் காரியதரிசியையும் தமக்குள் தெரிவு செய்வர். வீட்டுத் தோட்டம், கோழி வளர்ப்பு, தையல், சத்துணவு, குழந்தை பராமரிப்பு, வீட்டுத் துப்புரவு ஆகியவற்றைக் கற்பர். கற்றவள் மற்றவளுக்குக் கற்பிப்பாள். இங்கே கொடுப்பவர் ஒருபுறமும் கையேந்துபவர் மறுபுறமுமாக நிற்கும் காட்சி இல்லை. வாய் திறந்து பேசவும், கணக்கு வைக்கவும், கூடி முடிவெடுக்கவும் அவள் அங்கே பழகினாள். பின்னர் உலகின் முதற் பெண் பிரதமராகிய சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் பொதுவாழ்வில் பயின்ற இடமும் இச்சமிதியே. அவர்தம் ஆட்சியோடு தமிழினத்துக்குள்ள கணக்கு வேறு. அதனை நாம் மறக்கவுமில்லை. எனினும் ஒரு மாதர் சங்கம் எத்துணை வலிய பள்ளிக்கூடம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1958ஆம் ஆண்டு மகசேசே விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பொதுச்சேவைக்குரிய விருது மேரி அம்மையாரைத் தேடி வந்தது. அப்பொழுது அவருக்கு வயது 85. தமிழரின் வீடுகள் எரிந்து, உயிர்கள் பறிபோய், அகதிகள் கப்பலேறி வடக்கே வந்ததும் அதே ஆண்டிலேதான். எங்கிருந்தோ வந்த ஒருத்தி இத்தீவின் மக்களை ஒன்றுகூட்ட உழைத்தாள். இத்தீவிலே பிறந்தோர் அதனைக் கூறுபோட உழைத்தனர். 1962இல் அம்மையார் மறைந்தார். அவர் கட்டிய சமிதியோ அவரோடு மறையவில்லை. ஈடுசெய்ய முடியாத இழப்பென்று சொல்லவேண்டிய தேவையை அவர் வைத்துச் செல்லவில்லை. தொண்டின் சிறப்பு அதுவே.

இனி எம்மூர்களை நோக்குவோம். வடக்கிலும் கிழக்கிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இல்லாமலில்லை. ஆனால் பல ஊர்களில் அவற்றின் கதவு திறப்பது எப்பொழுது? அதிகாரி வரும்போதும், வேட்பாளர் வரும்போதும், நிவாரணப் பட்டியலுக்குக் கையொப்பம் வேண்டும்போதுமே. போர் 2009இல் முடிந்தபின் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களை வட்டமாக இருத்திப் பேசக் கடன் கொடுக்கும் கம்பனிகள் வந்தன. ஒருத்திக்கு மற்றொருத்தி பிணை என்றன. கிழமை தவறாமல் வாசலில் வந்து நின்றன. பெண்கள் கூடுதல் என்னும் நல்ல கருவியே அவர்கள் கழுத்துக்குச் சுருக்காயிற்று. வரட்சியால் வாடிய மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்கப்போவதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்ததெனின், நோயின் கடுமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊர்ச் சங்கம் உறங்கிய இடத்திலேதான் கடன்காரன் பாய் விரித்தான்!

உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 பங்கு பெண்களுக்கென்று சட்டம் கூறுகின்றது. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அது நடைமுறைக்கும் வந்தது. கதிரை கிடைத்துவிட்டது, அதில் அமர்ந்து வரவுசெலவை வாசித்துக் கேள்வி கேட்கும் பயிற்சியை யார் அளிப்பது? மாதர் சங்கம் அளிக்காவிடில் வேறெவரும் அளிக்கப்போவதில்லை.

ஆகவே, கற்ற பெருமக்களைக் கேட்கின்றோம்: வைத்தியரே, சட்டத்தரணியே, கணக்காளரே, ஆசிரியரே! மாதத்தில் ஒருநாள், ஒரேயொரு பிற்பகல், உங்களூர் மாதர் சங்கத்துக்குத் தாருங்கள். மேடையிலே பேசவல்ல, பாயிலே அமர்ந்து, கடன் பத்திரத்தை எப்படி வாசிப்பது, கணக்கை எப்படி எழுதுவது, பிள்ளையின் காய்ச்சலை எப்படிக் கவனிப்பது என்று சொல்லிக்கொடுக்க வாருங்கள். கமக்காரப் பெருமக்களையும் கேட்கின்றோம்: நாற்று நடுபவளும் களை பிடுங்குபவளும் வெங்காயம் பிடுங்குபவளும் உங்களோடு வயலில் நிற்கின்றாள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லை என்பது எவ்வகை நீதி? ஒன்ராறியோக் கமக்காரர் 1897இல் உணர்ந்ததை நாம் இன்னும் உணராதிருத்தல் தகுமோ?

ஒவ்வோர் ஊரிலும் ஒருத்தி இருக்கின்றாள். பிரசவத்துக்கு ஓடுபவள், செத்தவீட்டில் அடுப்பு மூட்டுபவள், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவள் அவளே. அவளுக்கு வயதாகின்றது. அவள் உயிரோடு இருக்கும்போதே அவள் அருகில் இன்னும் பத்துப்பேரை இருத்துங்கள். அவள் அறிந்ததை அவர்கள் அறியட்டும். சங்கத்தின் கணக்குப் புத்தகமும் திறப்பும் பல கைகளுக்கு மாறட்டும். மாலையை நாளைக்கு வாங்கலாம். சங்கத்தை இன்றே திறவுங்கள்!