மேப்புல குத்தின குண்டூசி

சண்டை போடறதுக்குன்னே எழுதற பதிவு இது. மனசு புண்படும்னு நினைக்கறவங்க இப்பவே பொட்டியை மூடிட்டு வேற ஜோலி பாருங்க.

போன வாரம் சக பதிவர் ஒருத்தர் ஜவ்வாது மலைப் பக்கம் போய்ட்டு வந்து படம் போட்டிருந்தார். கணியம்பாடியில இருந்து அமிர்தி போற ரோடு, ரெண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை, அப்புறம் மலை. கடைசியில பாறை இடுக்குல தேங்கின தண்ணி, கரைச் சேத்துல மான் குளம்பு. படமெல்லாம் பிரமாதம், அதுல சந்தேகமே இல்லை. ஆனா முடிவுல ஒரு மேப் லிங்க். "யாருக்கும் தெரியாத இடம், நீங்களும் போய்ப் பாருங்க" அப்படின்னு. கீழ வரிசையா 'சூப்பர்', 'கலக்கல் தலைவா'. நான் மட்டும் "லிங்க்கைத் தூக்கிடுங்களேன், வேட்டைக்காரனுக்கு வழி காட்டற மாதிரி இருக்கு"ன்னு எழுதினேன். அதுக்கு அவர் சொன்ன பதில்: "சாட்டிலைட் படத்துல எல்லாமே தெரியுது பாஸ். நான் மறைச்சு என்ன ஆகப் போகுது?"

இந்தக் கேள்விக்குப் பின்னூட்டத்துல பதில் சொன்னா அது பதிவை விட நீளமாயிடும். அதனாலதான் தனிக்கச்சேரி.

முதல்ல, சாட்டிலைட்டுல எல்லாமே தெரியுதுங்கறது பொய். நானும் பொட்டி தட்டறவன்தான், மேப் டேட்டாவோட மல்லுக்கட்டறது கொஞ்சம் பழக்கம். மலை முகடு தெரியும். ரெண்டு குன்றுக்கு நடுவுல இருக்கற கணவாய் தெரியும். கொல்லை எங்க முடியுது, காடு எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட்ட மாதிரி தெரியும். அமெரிக்காவுல வேட்டைக்காரங்க இதை வெச்சு வீட்டுல உக்காந்தே இடம் பாக்கறாங்க. அதுக்குன்னே ஆன்எக்ஸ்னு ஒரு ஆப், 2009ல மொன்டானாவுல ஆரம்பிச்ச கம்பெனி. ஆனா அங்க லைசென்ஸ் இருக்கு, சீசன் இருக்கு, எது யாரோட நிலம்னு அந்த ஆப்பே எல்லை போட்டுக் காட்டுது. நம்ம ஊர்ல யூட்யூப்ல அந்த வீடியோவைப் பாத்துட்டு ஹெட்லைட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பற ஆளுக்கு இதுல எதுவும் கிடையாது.

சரி, சாட்டிலைட்டுல தெரியாதது என்ன? மரத்துக்கு அடியில இருக்கற ரெண்டு ஆள் அகலத் தண்ணிக்குழி. அது மே மாசம் வத்துமா வத்தாதா. மான் சாயங்காலம் எந்தப் பக்கமா இறங்கும். வண்டி எது வரைக்கும் போகும். மேல இருந்து எவ்வளவு ஜூம் பண்ணினாலும் இதெல்லாம் கிடைக்காது. ஒரு ஆள் நேர்ல போய், பாத்து, தேதியோட படம் எடுத்துப் போட்டாத்தான் கிடைக்கும். அந்த ஆள் யாருன்னு நினைக்கறீங்க? நாமதான். பத்து வருஷம் காட்டுல திரிஞ்சவனுக்கு மட்டும் தெரிஞ்சிருந்த சங்கதியை, ஒரு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வந்து ஓசியில எழுதி வைக்கறோம்.

அவரை மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் தப்பிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் இதே மலையைப் பத்தி ஒரு பதிவு போட்டேன், குண்டூசி குத்தின மேப்போட. ஒரு மாசம் கழிச்சு முன்பின் தெரியாத ஒருத்தர் கிட்ட இருந்து மெயில். கோடையில அந்தத் தண்ணி இருக்குமா, கார் எவ்வளவு தூரம் போகும், ராத்திரி செக்கிங் உண்டா? போட்டோகிராபர் போலன்னு நினைச்சு ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். நம்ம எழுத்தைப் படிச்சு ஒருத்தர் மெயில் போட்டுட்டாரேன்னு ஒரே பூரிப்பு வேற. ஹும்.

அடுத்த கோடையில திரும்பப் போனேன். கூட வந்தவர் அங்கயே ஆடு மேய்க்கற பெரியவர். தண்ணிக்கு இறங்கற தடத்துல என்னை முட்டி போட வெச்சுக் காட்டினார். பைக் கிளட்ச் ஒயர்ல சுருக்கு. ஒண்ணு இல்லை, நாலு. ஒண்ணுல முடியும் காஞ்ச ரத்தமும் ஒட்டிக்கிட்டு இருந்தது. "இது எங்காளுங்க போட்டது இல்ல தம்பி. கார் டயர் தடம் எங்க வரைக்கும் வந்திருக்கு பாரு"ன்னார். கொஞ்சம் நடந்துட்டு, "ஆனா கேள்வின்னு வந்தா மொதல்ல எங்க வூட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க"ன்னும் சொன்னார்.

ரேஞ்ச் ஆபீஸ்ல சொன்னோம், வந்து கழட்டினாங்க. என் மெயிலைப் படிச்ச ஆள்தான் சுருக்கு போட்டான்னு என்னால நிரூபிக்க முடியாது. இல்லைன்னும் நிரூபிக்க முடியாது. அன்னிக்குத்தான் ஒண்ணு புரிஞ்சது. உள்ளூர்ல வேட்டையாடறவனுக்கு மேப்பே தேவையில்லை, அவன் கண்ணைக் கட்டி விட்டாலும் போவான். குண்டூசி யாருக்கு உபயோகம்னா ஊருக்குச் சம்பந்தமே இல்லாம வெளியில இருந்து கார்ல வர்றவனுக்கு. அவன் ஒரே ராத்திரியில வந்துட்டுப் போயிடுவான், பழி மலையில இருக்கறவங்க தலையில விழும்.

'இதெல்லாம் ஓவர் கற்பனை'ன்னு சொல்றவங்களுக்கு: 2013 ஜூலையில, பன்னா புலி ஒண்ணோட கழுத்துல மாட்டியிருந்த ஜிபிஎஸ் பட்டை அனுப்பற தகவல் போய்ச் சேர்ற மெயிலுக்குள்ள, புனேயில இருந்து யாரோ நுழையப் பாத்தாங்க. சர்வர் தடுத்துடுச்சு. நோக்கம் என்னன்னு எப்படி வேணா வாதம் பண்ணலாம், ஆனா புலி நிக்கற இடத்தோட அட்சரேகைக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு. அதைப் பூட்டி வெச்சிருந்தாங்க. நாம பூட்டே இல்லாம திண்ணையில வெச்சுட்டு வர்றோம்.

சட்டத்தையும் ஒரு தடவை படிச்சுடுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல, 2(16)ம் பிரிவுப்படி வேட்டைன்னா சுடறது மட்டும் இல்லை. சுருக்கு வைக்கறது, பொறி வைக்கறது, விரட்டறது, இரை போட்டு இழுக்கறது, இதுக்கெல்லாம் முயற்சி பண்றது வரைக்கும் வேட்டைதான். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்தப்போ பொதுவான அபராதத்தோட உச்சவரம்பை 25,000ல இருந்து 1 லட்சம் ஆக்கினாங்க. குண்டூசி குத்தினதுக்காக உங்களை யாரும் உள்ள தூக்கிப் போடப் போறதில்லை, பயப்படாதீங்க. அதனாலதான் இதை நாமளே பாத்து நிறுத்த வேண்டியிருக்கு.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "அப்போ மேப்பையே தடை பண்ணு"ன்னு குதிக்கறவங்க. அவங்களோடவும் எனக்கு ஒத்து வராது. காட்டுத்தீ எங்க பத்துதுன்னு பாக்கறதும் இதே சாட்டிலைட்டுலதான். புலிகள் காப்பகங்கள்ல ரோந்து போற கார்டுகளோட தடத்தை எம்-ஸ்ட்ரைப்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர்ல பதியறாங்க, அதுக்கும் மேப்தான் அஸ்திவாரம். வழி கேக்கறது ரெண்டு நடுவுலயே இருக்கு. ஐநேச்சுரலிஸ்ட்ல அழியும் நிலையில இருக்கற உயிரினத்தைப் பதிஞ்சா, சரியான இடத்தை வெளியில காட்டாது. 0.2 டிகிரி கட்டம், அதாவது பக்கத்துக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம், அதுக்குள்ள எங்கயோ ஒரு புள்ளி வைக்கும். ஆராய்ச்சி பண்றவனுக்கு அது போதும். சுருக்கு வைக்கறவனுக்குப் பத்தாது. நாமளும் 'ஜவ்வாது மலை'ன்னு எழுதிட்டு நிறுத்திக்கலாமே. உங்க கவிதை நடை அதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்னி கிட்ட பறிகொடுத்த விவசாயியை இதுல இழுக்காதீங்க. அவர் கஷ்டம் நிஜம். அதுக்கு 2025 ஜனவரியில அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது, காப்புக்காட்டு எல்லையில இருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியில வர்ற பன்னியை வனத்துறை ஆட்களே சுடலாம்னு. பத்துமா பத்தாதான்னு தாராளமா சண்டை போடலாம், ஆனா அது வேற பதிவு. கொல்லையில நிக்கற பன்னிக்கும், மே மாசம் மலைக்குள்ள ஒரே ஒரு தண்ணிக்குழிக்கு இறங்கி வர்ற மானுக்கும் சம்பந்தம் இல்லை.

என் பழைய பதிவுல இருந்த லிங்க்கை எடுத்துட்டேன். எடுத்த தேதியையும் காரணத்தையும் அங்கயே போட்டிருக்கேன். தேடுபொறி நகல் எங்கயாவது கிடக்கும், அதுக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பி.கு: இதை எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த நண்பர் லிங்க்கை எடுத்துட்டார். நன்றி தலைவா, நெசமாவே. ஆனா அந்த மான் குளம்பு படத்தை டவுன்லோடு பண்ணிப் பாத்தேன். எக்சிஃப்ல லாட்டிட்யூட், லாங்கிட்யூட் ரெண்டும் அப்படியே உக்காந்திருக்கு. மெயில் போட்டிருக்கேன், பாருங்க.