பங்குதாரர் பட்டியலில் சேரி இல்லை

நிறுவனங்கள் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கைகளை நாம் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும் தோழர்களே. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் செபி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தண்ணீர் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு, பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. எந்தச் சாதியினர் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

'ஸ்டேக்ஹோல்டர்' அழுத்தம் கொடுத்தால் கம்பெனி திருந்தும் என்று மேலாண்மை வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். பொய்யில்லை. ஆனால் அழுத்துகிறவர் கேட்டது மட்டும்தான் திருந்தும். அந்தச் சொல்லைத் தமிழில் பலர் 'பங்குதாரர்' என்றே எழுதிவிடுகிறார்கள். பிழைதான், ஆனால் நிலைமையைச் சரியாகச் சொல்லிவிடுகிற பிழை.

தோல் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தோல் பொருளில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. செருப்பு போடுகிறவருக்குத் தோல் ஒவ்வாமை வரக்கூடாதாம். நியாயம்தான். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று எந்த விதி கேட்டது?

சான்றிதழ் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் கராச்சியை நினைத்துக்கொள்ளட்டும். 2012 செப்டம்பரில் 250 பேருக்கு மேல் எரிந்துபோன அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ.8000 சான்று கிடைத்திருந்தது.

அழுத்தம் வேறு கைக்கு மாறினால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. 2021 ஜனவரியில் அங்கே ஆடை ஆலையில் வேலைபார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவரைத் தொடர்ந்து தொந்தரவு செய்ததாகக் குடும்பமும் சங்கமும் சொன்ன சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும், தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் இரங்கல் கூட்டத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. பன்னாட்டு அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு, துணி வாங்கும் பிராண்டின் கதவைத் தட்டியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஈஸ்ட்மேன் நிறுவனம் கையெழுத்திட்டது, எச் அண்ட் எம் கையெழுத்திட்டது, கேப், பி.வி.எச். பின்னால் வந்தன.

அதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: பாலின வன்முறையோடு சாதி வன்முறையும் பெயர் சொல்லித் தடைசெய்யப்பட்டது. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். ஆலை மீறினால் பிராண்டு ஆர்டரில் கைவைத்தாக வேண்டும். அறிக்கைக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அறிக்கையில் பொய் எழுதலாம், ஆர்டர் போனால் முதலாளிக்குத் தூக்கம் போகும்.

ஆனால் அந்த ஒப்பந்தம் ஒரே குழுமத்தின் ஆலைகளுக்குப் போட்டது. அடுத்த மில்லின் விடுதியில் இருக்கிற நம் தங்கைக்கு அது கிடையாது. எந்த ஆலைகளில் துணி வாங்குகிறோம் என்று பல பிராண்டுகள் தங்கள் இணையதளத்திலேயே பட்டியல் போடுகின்றன. உங்கள் மாவட்டத்து ஆலை அதில் இருக்கிறதா என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள்.