நெஞ்சுவலியும் காப்புறுதியும்

நள்ளிரவில் நெஞ்சு வலித்தபோது நான் முதலில் நினைத்தது மரணத்தையல்ல, தனியார் வைத்தியசாலையின் கட்டணத்தை. செய்திக்கு இவ்வளவென்று கொடுப்பனவு பெறும் பிராந்திய நிருபருக்குக் காப்புறுதி ஏது? விடியும்வரை பொறுத்திருந்தேன். அது மடமை. 1990 என்ற இலக்கத்தை அழைத்திருந்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாகவே வந்திருக்கும்.

அரச வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்தார்கள். ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையைச் சில மணிநேர இடைவெளியில் இருமுறை செய்தார்கள். மாரடைப்பு இல்லை என்றார்கள். ஒரு சதமும் கேட்கவில்லை. ஆயினும் வலியின் காரணம் தெரியவில்லை. எக்கோ பரிசோதனைக்கு மூன்று மாதங்களின் பின்னரே திகதி கிடைத்தது. வெளியில் செய்யப் பணமில்லை. காத்திருக்கிறேன்.

முப்பது ஆண்டுகளாக ஊராரின் உரிமைகளை எழுதினேன். எனக்கென ஒரு காப்புறுதியைப் பத்திரிகை நிர்வாகத்திடம் கேட்டதில்லை. இளைய நிருபர்களே, நீங்களாவது கேளுங்கள்.