‘எத்தனை டன்?’ என்னும் தவறான கேள்வி

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு விடுதியோ வங்கிக் கிளையோ துணிக்கடையோ கட்டி முடியும் தறுவாயில் கேட்கப்படும் கேள்வி, டெல்லியிலும் நாக்பூரிலும் கேட்கப்படும் அதே கேள்விதான். ‘எத்தனை டன் ஏ.சி. வேண்டும்?’ விடையும் அதேதான்: ‘நூற்றிருபது சதுர அடிக்கு ஒரு டன்.’ பரப்பளவை 120ஆல் வகுக்கத் தெரிந்த எவரும் இந்நாட்டில் குளிர்பதன ஆலோசகர் ஆகிவிடலாம். வகுத்து வந்த எண்ணோடு ‘பாதுகாப்புக்காக’ இன்னும் இருபது விழுக்காடு சேர்ப்பவர் அனுபவசாலி என்று பெயர் பெறுகிறார். அந்தமானைப் பொறுத்தவரை இக்கணக்கு வெறும் சோம்பலோடு நிற்பதில்லை, இயற்பியலுக்கே முரணாகிறது.

மே மாதத்து டெல்லியை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 43 பாகை, ஈரப்பதம் 20 விழுக்காடு. அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 11 கிராம் நீராவி இருக்கும். போர்ட் பிளேரின் ஒரு சாதாரண நாள்: 30 பாகை, 80 விழுக்காடு. ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி. மனிதர் வசதியாக அமர்ந்து வேலை செய்யும் அறையில், அதாவது 25 பாகையும் 55 விழுக்காடும் உள்ள அறையில், இருக்க வேண்டியது 11 கிராம். டெல்லிக் காற்றை அறைக்குள் விட அதன் சூட்டைத் தணித்தால் போதும். அதில் உள்ள ஈரம் அறைக்கு வேண்டிய அளவிலேயே இருக்கிறது. போர்ட் பிளேர்க் காற்றையோ பிழிய வேண்டியிருக்கிறது. வெளிக்காற்றைப் பதப்படுத்தச் செலவாகும் ஆற்றலில் ஆறில் ஐந்து பங்கு அங்கே ஈரத்தை நீராக்கி வெளியேற்றவே போகிறது. வெப்பத்தைக் குறைக்கச் செல்வது எஞ்சிய ஒரு பங்கு.

இருநூறு பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்தைக் கருதுக. ஆளொன்றுக்கு நொடிக்குப் பத்து லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று கொண்டால், அக்கட்டடம் மணிக்கு ஏறத்தாழ 88 லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பத்து மணி நேர அலுவலுக்கு 880 லிட்டர். மூச்சுக்காற்றும் வியர்வையும் கதவு திறந்து மூடும்போது நுழைவதும் இதில் சேரவில்லை. சதுர அடியை 120ஆல் வகுத்தவரின் கணக்கில் இந்த 880 லிட்டர் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இத்தொழில்நுட்பம் பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் கோடை ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த அமைப்பே இன்றைய குளிரூட்டலின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. மனிதர்களின் புழுக்கம் அவருடைய கணக்கில் முதலில் இல்லை. தாளின் ஈரம்தான் இருந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், உலகின் மிக ஈரமான தீவுக்கூட்டங்களுள் ஒன்றில் அதே கருவியை வாங்குவோர் வெப்பமானியை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

தேவைக்கு மிஞ்சிய டன் கொண்ட பழைய வகை ஏ.சி. என்ன செய்யும்? அறையை விரைவில் குளிர்விக்கும். வெப்பமானி நிறைவடைந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும். காயிலில் படிந்த நீர் வடிந்து முடியுமுன் விசிறி அதன்மீது காற்றை வீசி, அந்த ஈரத்தை மீண்டும் அறைக்கே திருப்பிவிடும். புளோரிடா சூரிய ஆற்றல் மையத்தினர் இதைப் பல ஆண்டுகள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் பிசுபிசுப்பாக இருக்கும். அமர்ந்திருப்பவர் பிசுபிசுப்பைச் சூடு என்று தவறாக எண்ணி ரிமோட்டை எடுத்து 24இலிருந்து 18க்கு இறக்குவார். சுவர் குளிரும், குளிர்ந்த சுவரில் ஈரம் படியும், அலமாரியின் பின்புறம் பூஞ்சை பூக்கும். பதிவேடுகளில் கறுப்புப் புள்ளிகள், நெகிழ்ந்த பிளைவுட், அறைக்குள் நுழைந்ததும் எழும் அந்த வாடை ஆகியவற்றைத் ‘தீவு என்றால் அப்படித்தான்’ என்று கடந்துபோகிறவர்கள், தீவின் மீது வீண்பழி சுமத்துகிறார்கள். பழி கொள்முதல் ஆணையைச் சேர்ந்தது.

இன்வெர்ட்டர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்பார் உண்டு. பாதி தீரும். சுமை குறையும்போது இன்வெர்ட்டரும் வி.ஆர்.எஃப். அமைப்பும் காயிலின் வெப்பநிலையை உயர்த்தி மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றன. காயிலின் வெப்பநிலை பனிநிலைக்கு மேலே போனால் ஈரம் பிரியாது. மின்சிக்கனம் என்று விளம்பரப்படுத்தப்படும் செயலே ஈரமகற்றலைக் கைவிடும் செயலாகவும் இருக்கிறது.

நட்சத்திரக் குறியீடு வழிகாட்டாதா? இந்திய நட்சத்திர மதிப்பீடு 24 முதல் 43 பாகை வரையிலான வெளிவெப்பத்தில், ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாடு என்ற அனுமானத்தில் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேரில் 43 பாகை என்பது கதை. ஆண்டு முழுவதும் இயங்கும் விடுதிக்கு 1,600 மணி என்பது இரண்டே மாதக் கணக்கு. ஐந்து நட்சத்திரம் பெற்ற கருவி மணிக்கு எத்தனை லிட்டர் நீரைப் பிரிக்கும் என்பதை அக்குறியீடு சொல்வதில்லை. அதற்கென அது வகுக்கப்படவுமில்லை. 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும் இந்தியாவை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, சென்னையையும் போர்ட் பிளேரையும் ‘வெப்ப-ஈர’ மண்டலம் என்ற ஒரே பையில் போட்டுவிட்டது. கத்திரி வெயிலில் 40 பாகையைத் தொடும் ஊரும், 32ஐத் தாண்டவே தயங்கும் ஊரும், ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவும் அதற்கு ஒன்றே.

இனி, பெரிய கட்டடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் நீர்வழிக் குளிர்விப்புச் சில்லர். பெருநிலத்தில் அது நியாயமான தேர்வு. காற்றின் வெப்பம் 43 பாகையாக இருக்க, கூலிங் டவரின் ஈரக்குமிழ் வெப்பநிலை அதைவிட ஏறத்தாழ இருபது பாகை தாழ்ந்திருக்கும். அந்த இடைவெளியே சில்லரின் இலாபம். போர்ட் பிளேரில் அந்த இடைவெளி மூன்று நான்கு பாகை. இலாபத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது நீர்ச்செலவு. ஒரு டன் குளிரூட்டலுக்கு மணிக்கு எட்டு லிட்டர் அளவில் நன்னீர் ஆவியாகியும் கழிக்கப்பட்டும் போகும். நூறு டன் அமைப்பு பத்து மணி நேரத்தில் எட்டாயிரம் லிட்டர் குடிக்கும். தனிக்காரி அணையை நம்பி வாழும் நகரம் அது. வறண்ட மாதங்களில் குழாய்நீர் நாள்விட்டு நாளும், அதைவிட நீண்ட இடைவெளியிலும் வந்த ஆண்டுகள் உண்டு. ஒரு பக்கம் குடங்கள் வரிசையில் நிற்க, இன்னொரு பக்கம் மாடியில் எட்டாயிரம் லிட்டர் நன்னீர் வானுக்குப் போவதைப் பொறியியல் தேர்வு என்று அழைப்பது கூசத்தக்கது.

மின்சாரத்தின் கதை இதைவிடக் கசப்பானது. தேசிய மின்தொகுப்போடு தீவுகளுக்கு இணைப்பு இல்லை. வட அந்தமானில் 5.25 மெகாவாட் கல்பாங் புனல்மின் நிலையமும், தென் அந்தமானில் என்.டி.பி.சி.யின் 5 மெகாவாட், என்.எல்.சி.யின் 20 மெகாவாட் சூரிய மின் நிலையங்களும் போக, பெரும்பகுதி டீசல். அந்த டீசல் கப்பலில் வருகிறது. ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு யூனிட் தரும். நூறு டன் காற்றுவழி அமைப்பு ஒன்று சராசரியாக அறுபது விழுக்காட்டுச் சுமையில் பத்து மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு இருநூறு லிட்டர் டீசல் எரிகிறது என்று பொருள். அந்த யூனிட்டின் உற்பத்திச் செலவு நுகர்வோர் செலுத்தும் கட்டணத்தைவிடப் பன்மடங்கு. இடைவெளியை நிரப்புவது நடுவண் அரசின் நிதி, அதாவது பொதுப்பணம். ஆகவே போர்ட் பிளேரில் ஒரு விடுதி தவறான ஏ.சி.யைத் தேர்ந்தெடுத்தால் அத்தவற்றின் பெரும்பங்கை அவ்விடுதி செலுத்துவதில்லை. தஞ்சாவூரிலும் தர்பங்காவிலும் தீப்பெட்டி வாங்குகிறவர் செலுத்துகிறார். சந்தையே சரியான கருவியைத் தேர்ந்தெடுக்கும் என்று வகுப்பறையில் சொல்லும் பொருளியல் பேராசிரியர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டையாவது எண்ணிப்பார்க்கலாம்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். செம்புக் குழாய்மேல் அலுமினியத் தகடு. நடுவே கடல் உப்பு. அதன் மேல் ஈரம். இது ஒரு மின்கலம். பூச்சற்ற காயில் சில ஆண்டுகளிலேயே பொடியாகி உதிரும். அதன்வழி கசியும் வளிமம் ஆர்-410ஏ எனில், அதன் ஒரு கிலோ கரியமில வளிமத்தின் 2,088 கிலோவுக்கு ஈடு. ஐம்பது கிலோ கசிந்தால் 104 டன். மாற்று உருளை வரும் வழி மீண்டும் கப்பல். நூற்றுக்கணக்கான இணைப்புகளோடு மாடிதோறும் செம்புக் குழாய் இழுக்கும் வி.ஆர்.எஃப். அமைப்பைக் கடற்கரையில் பரிந்துரைப்பவர் இந்தக் கணக்கையும் விலைப்புள்ளியோடு இணைத்துத் தர வேண்டும்.

2023 ஜூலை 18 அன்று திறக்கப்பட்ட வீர் சாவர்க்கர் பன்னாட்டு விமான நிலையத்தின் புதிய முனையம் தீவுகளின் முகமாகக் காட்டப்படுகிறது. சுமார் 40,800 சதுர மீட்டர், சுமார் 710 கோடி ரூபாய், சங்கு வடிவம். வெப்பத்தைத் தடுக்கும் இரட்டைக் காப்புக் கூரை, பகலொளி தரும் கூரைச் சாளரங்கள், வெப்பம் குறைவாகக் கடத்தும் கண்ணாடி, 500 கிலோவாட் சூரிய மின் அமைப்பு, மழைநீர்த் தொட்டி என்று அதன் பசுமைச் சிறப்புகள் அறிவிக்கப்பட்டன. அவை மெய்யாகவே நல்லவை, இகழ்வதற்கில்லை. ஆனால் அவற்றுள் குளிர்விப்பைப் பற்றியவை யாவும் வெயிலுக்கு எதிரானவை. ஈரத்துக்கு எதிரான ஒன்று அந்த அறிவிப்பில் இல்லை. பசுமை என்ற சொல்லின் இந்திய அகராதியில் ஈரம் இன்னும் ஏறவில்லை.

இதற்கு நேர்மாறான கட்டடம் அதே நகரில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. சார்லஸ் கொரியா வடிவமைத்த பே ஐலண்ட் விடுதி. கடலைப் பார்த்துச் சரியும் குன்றில், தாழ்ந்து நீளும் சாய்கூரைகளின் கீழ், படிப்படியாக இறங்கும் திறந்த தளங்களாக அதன் பொதுக்கூடத்தை அவர் அமைத்தார். உள்ளூர்ப் படாக் மரத்தைப் பயன்படுத்தினார். மழை உள்ளே வராது, காற்று நிற்காது. பொதுக்கூடத்துக்கு எத்தனை டன் என்ற கேள்வியே எழாதபடி கூரையால் விடை சொன்ன கட்டடம் அது. கார் நிகோபாரில் தூண்கள்மேல் நின்ற வேய்ந்த குடில்களுக்கும் அந்த அறிவு இருந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அம்மக்கள் தகரக் கொட்டகைகளில் அமர்த்தப்பட்டபோது அவர்கள் முதலில் முறையிட்டவற்றுள் ஒன்று சூடு.

பயணிகள் ஏ.சி. கேட்கிறார்களே என்ற மறுப்பு வரும். கேட்கட்டும், உறங்கும் அறைக்குக் கொடுக்கலாம். வரவேற்புக் கூடம், நடைவழி, உணவகம் என அனைத்தையும் கண்ணாடியால் அடைத்துவிட்டுப் பின்னர் குளிர்விக்க வேண்டும் என்று எந்தப் பயணியும் கேட்டதில்லை. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்தியத் தகவமைவு வசதி மாதிரி தேசியக் கட்டட விதித்தொகுப்பிலேயே இடம்பெற்றுள்ளது. வெளிச் சராசரி 27.5 பாகை என்றால், சன்னல் திறக்கும் கட்டடத்தில் உள்ளோர் இயல்பாக ஏற்கும் வெப்பம் ஏறத்தாழ 27.7 என்கிறது அது. அந்தமானின் ஆண்டுச் சராசரி அதற்கு மிக அருகில்தான். ஒரு மின்விசிறியின் தொலைவில். (அந்த மாதிரிக்கான கள ஆய்வு சென்னை, அகமதாபாத், பெங்களூரு, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களில் நடந்தது, தீவுகளில் எவரும் போய்க் கேட்கவில்லை. முனைவர்ப் பட்டத்துக்குத் தலைப்பு தேடுவோர் கவனிக்க.)

நேர்மையான மறுப்பு வேறொன்று உண்டு. ஸ்பிளிட் ஏ.சி. பழுதானால் அபர்தீன் பஜாரில் மெக்கானிக் கிடைப்பார். நுட்பமான அமைப்பு பழுதானால் நிறுவனப் பொறியாளர் சென்னையிலிருந்து விமானம் ஏற வேண்டும். இது மெய். சிறு கடைக்கும் சிறு வங்கிக் கிளைக்கும் இம்மறுப்பே தீர்ப்பு: டன்னைக் குறைத்துக் கணக்கிட்ட, பூச்சிட்ட காயில் கொண்ட ஸ்பிளிட், அதனோடு தனியே ஓர் ஈரமகற்றி, மேலே மின்விசிறி. அதற்கு மேல் நுட்பம் வேண்டாம்.

நூறு டன்னை நெருங்கும் கட்டடத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே புதுக்காற்றைத் தனியே ஓர் இயந்திரத்தில் ஈரமகற்றிக் கொடுக்க வேண்டும். வெளியேறும் காற்றின் குளிர்ச்சியையும் வறட்சியையும் சுழல்சக்கரம் வழியே உள்வரும் காற்றுக்கு மாற்ற வேண்டும். அறைகளின் எஞ்சிய வெப்பத்தை, சற்றே சூடான 15, 16 பாகைக் குளிர்நீரும் விசிறியும் பார்த்துக்கொள்ளும். இது ஆய்வகக் கற்பனை அன்று. ஐதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் தன் கட்டடமொன்றின் ஒரு பாதியை வழக்கமான முறையிலும் மறுபாதியை இவ்வாறு புதுக்காற்றைப் பிரித்த கதிர்வீச்சுக் குளிர்விப்பிலும் அமைத்து, 2011 முதல் அருகருகே அளந்தது. இரண்டாம் பாதியின் குளிர்விப்பு மின்செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

ஆழ்கடல் குளிர்நீரையும் மறந்துவிடலாகாது. சென்னைப் பள்ளிக்கரணையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005 முதல் கவரத்தித் தீவில் ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீரை மேலே கொணர்ந்து நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கிறது. போரா போரா தீவில் ஒரு விடுதி அத்தகைய குளிர்நீரைக் கொண்டே அறைகளைக் குளிர்விக்கிறது. குழாய் பதிக்கும் தொழில்நுட்பம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. அக்கழகத்துக்குப் போர்ட் பிளேரிலேயே ஒரு மையமும் இருக்கிறது. தீவின் எந்தக் கரையில் ஆழம் கட்டடத்துக்கு அருகில் வருகிறது என்று பார்ப்பது ஒரு கோடைக்கால மாணவர் திட்டம்.

அதுவரை, ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தில் ‘திறன் - டன்’ என்ற கட்டத்துக்குக் கீழே இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்க்கலாம்: ‘மணிக்கு அகற்றும் ஈரம் - லிட்டர்’, ‘அந்நீர் செல்லும் தொட்டி’. மேலே சொன்ன இருநூறு பேர் அலுவலகத்தின் 880 லிட்டர், காயிலிலிருந்து சொட்டும் கிட்டத்தட்ட வாலைவடி நீர். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் தோட்டத்துக்கும் அப்படியே உதவும். இப்போது அது ஏ.சி. பொருத்தியவர் சுவரில் துளையிட்டுத் தொங்கவிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே, தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் தெருவில் சொட்டிக்கொண்டிருக்கிறது.