சவுலின் கவசமும் ஆயிரம் சி.சி. வண்டியும்



நம் சபைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதிதாக வாகனம் வாங்குகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் அதை ஆலய வாசலில் நிறுத்தி, சாவியைப் போதகரின் கையில் கொடுத்து, ஜெபித்துத் தரும்படி கேட்பார்கள். ஒரு காலத்தில் டி.வி.எஸ். 50 சாவிகள் என் கைக்கு வந்தன. பிறகு ஸ்பிளெண்டர் வந்தது; அதன்பின் பல்சரும் ஆர்15-உம் வந்தன. இப்போது 390, 650 என்று எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அடுத்தது ஆயிரம் சி.சி.தான் என்று நம் வாலிபர் ஐக்கியத்திலே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலோ வேலை கிடைத்து, முதல் இரண்டு வருடச் சம்பளம் கையில் நின்றவுடன், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாதத்தவணை போடலாமா என்ற கேள்வி எழுகிறது. வீட்டில் வாக்குவாதம் முற்றினால் அது என்னிடத்திலும் வருகிறது. ஆகவே என் கருத்தை ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன்.

முதலாவது, மூப்பர்கள் சிலர் சொல்லுவதுபோல வேகமான வண்டியின்மேல் ஆசைகொள்ளுவதே பாவம் என்று நான் கருதவில்லை. வேதாகமத்தில் குதிரையை மிக அழகாக வருணித்தவர் யார்? யோபு 39-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பிடரியும் கனைப்பும் தரையைத் தோண்டும் குளம்பும் போர் எக்காளத்துக்கு அஞ்சாத துள்ளலுமாக அந்த மிருகத்தை ரசித்துப் பேசுகிறவர் சர்வவல்லவரே. பலமுள்ள ஒன்று பாய்வதைக் கண்டு மகிழ்வது சிருஷ்டிகர் நமக்குள் வைத்த உணர்வு. மேலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கிகளோடு முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்ற தகப்பன்மார் நம் சபையில் இருக்கிறார்கள். என்ஜின் சத்தத்தை நேசிப்பது மாம்சத்தின் இச்சை என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பதும் நியாயமே.

கேள்வி வண்டியைப்பற்றியது அல்ல. இந்த வண்டிக்கும் அந்த வண்டிக்கும் இடையிலுள்ள தூரத்தைப்பற்றியது.

கோலியாத்துக்கு எதிரே போகப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் தன் கவசத்தைத் தரிப்பித்தான் (1 சாமுவேல் 17). அது மட்டமான கவசம் அல்ல, ராஜாவின் கவசம். இஸ்ரவேலில் அதற்கு மேலான ஒன்று இருந்திருக்காது. கொடுத்தவனும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. தாவீது அதைப் போட்டு நடந்துபார்த்துவிட்டுக் கழற்றி வைத்தான். அவன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: கவசம் கனமாயிருக்கிறது என்று அவன் குறைசொல்லவில்லை; அதில் தனக்குப் பழக்கம் இல்லை என்றான். அங்கே மூலமொழியில் வருகிற எபிரெய வினைச்சொல், ஆதியாகமம் 22-இல் தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று சொல்லப்படுகிற அதே சொல். சோதித்து, பரீட்சித்து, தன்னுடையதாக்கிக் கொள்ளாத ஒன்றை அணிந்து களத்தில் இறங்கமாட்டேன் என்பதே அந்த வாலிபனுடைய பதில். கவணோ அவனுக்குப் பழகிய கருவி. சிங்கத்தோடும் கரடியோடும் போராடிய நாட்கள் அவனுக்குப் பின்னால் இருந்தன. ஆட்டுத்தொழுவத்திலிருந்து ஒரே நாளில் கோலியாத்திடம் அவன் கொண்டுபோகப்படவில்லை.

இப்போது வண்டிக்கு வருவோம். கணக்கு எளியது. நூறு சி.சி. ஸ்பிளெண்டர் ஏறக்குறைய 8 குதிரைத்திறன் கொண்டது. எடை 112 கிலோ. அதாவது ஒவ்வொரு குதிரைத்திறனும் 14 கிலோவை இழுக்கிறது. 155 சி.சி. ஆர்15-இல் அது எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் சி.சி. ஸ்போர்ட்ஸ் பைக்கிலோ ஏறக்குறைய 200 குதிரைத்திறன், 200 கிலோ. ஒரு குதிரைக்கு ஒரு கிலோ! சிறிய வண்டியில் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது தவறுதலாக ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் முறுகினால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு ஓடும். அதே அளவு மணிக்கட்டு அசைவு பெரிய வண்டியில் முன்சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கும். அல்லது மழைநீர் தேங்கிய சி.டி.எச். சாலையில் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் வீசும். கையின் பிழை ஒன்றே, விளைவுதான் வேறு. முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிற வண்டி அது. நான்குவழிச் சாலையிலும் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு வகுத்த உச்சவரம்பு 80 கிலோமீட்டர்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனாலும் நசரத்பேட்டையில் திடீரென்று வலப்பக்கம் திரும்புகிற கன்டெய்னர் லாரிக்கு முன்னால் அந்தச் சூத்திரத்தை நினைவுகூர ஒருவனுக்கும் நேரம் இராது. கை தானாகவே அறிந்திருக்க வேண்டும். கை அறிவதற்கு வருடங்கள் வேண்டும்.

இந்த வருடங்களைச் சில தேசங்கள் சட்டமாகவே வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள். அங்கே முதல் உரிமம் 200 சி.சி. வரைக்கும்தான். அதைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருந்த பிறகே 400 சி.சி. வரையிலான உரிமத்துக்குப் போகலாம்; அதையும் ஒரு வருடம் வைத்திருந்தால்தான் அதற்கு மேற்பட்ட வண்டி. ஒவ்வொரு படிக்கும் தனிப் பயிற்சி, தனிப் பரீட்சை. ஐரோப்பிய நாடுகளிலும் இப்படிப் படிப்படியான உரிமங்கள் உண்டு. நம் தேசத்திலோ, 18 வயது நிரம்பியவன் ஆர்.டி.ஓ. மைதானத்தில் நூறு சி.சி. வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டினால், அந்த ஒரே உரிமம் 1340 சி.சி. ஹயபுசா வரைக்கும் செல்லும். அவனுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே நிற்பது பணம் ஒன்றே. அந்தப் பணத்தையும் இப்போது தவணையாகக் கொடுக்கிறார்கள்.

சட்டம் படிகளைக் கட்டவில்லையென்றால் வேறு யார் கட்டுவது? வீடுதான் கட்டவேண்டும், அதற்குச் சபையும் துணைநிற்க வேண்டும் என்பது என் துணிபு. கானானை இஸ்ரவேலுக்குக் கொடுத்த தேவன், அதை ஒரே வருடத்தில் கொடுக்கமாட்டேன், கொஞ்சங்கொஞ்சமாகவே கொடுப்பேன் என்றார் (யாத்திராகமம் 23:29,30). கொடுக்க மனதில்லாமல் தாமதித்தாரா? இல்லை. ஜனம் பெருகித் தேசத்தை ஆளத் தகுதிப்படுமுன் தேசம் கைக்கு வந்தால், காட்டுமிருகங்கள் பெருகிவிடும் என்றார். வாக்குத்தத்தமான நன்மையே நேரத்துக்கு முன் வந்தால் ஆபத்தாகும் என்று அவரே காரணம் காட்டுகிறார்.

2011 செப்டம்பரில் ஐதராபாத்தில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் முகமது அசாருதீனின் இளைய மகன், 19 வயது, ஆயிரம் சி.சி. சுசுகி வண்டியில் அந்நகரின் வெளிவட்டச் சாலையில் போகையில் விபத்துக்குள்ளானார். பின்னால் அமர்ந்திருந்த 16 வயது உறவினர் மரித்தார். சில நாட்களுக்குப்பின் அந்த மகனும் மரித்தார். அந்தச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. அந்தத் தகப்பனைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. அப்சலோமின் செய்தி வந்தபோது தாவீது முதலாவது கேட்டது போரைப்பற்றி அல்ல, பிள்ளை சுகமாயிருக்கிறானா என்பதைப்பற்றியே. இரதமும் குதிரைகளும் முன்னோட ஐம்பது பேரும் வைத்திருந்தவன் அப்சலோம். கடைசியில் அவன் கர்வாலிமரத்தில் தொங்க, ஏறிவந்த கோவேறு கழுதை அவனை விட்டுவிட்டு அப்பாலே போயிற்று (2 சாமுவேல் 18:9). இந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம், சாலையோரத்தில் தனியே சறுக்கிக்கொண்டு போகும் வண்டிகள் என் நினைவுக்கு வருகின்றன.

இன்னும் கிட்டத்தில் ஒரு சம்பவம். 2023 செப்டம்பரில், பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகிற நம் பெங்களூர் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே, யூடியூபில் பல லட்சம் பேர் பின்தொடரும் டி.டி.எஃப். வாசன் ஹயபுசா வண்டியோடு தூக்கி எறியப்பட்டார். வீலிங் செய்ய முயன்றார் என்பது காவல்துறையின் வழக்கு. கை முறிந்தது, தலைக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்திருந்தார், உயிர் பிழைத்தார். அக்டோபரில் ஜாமீன் மனுவைத் தள்ளிய சென்னை உயர் நீதிமன்றம் அந்த பைக்கை எரித்துவிடலாம் என்று கடிந்துகொண்டது; அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்து வருடத்துக்கு முடக்கப்பட்டது. அவரை நியாயந்தீர்ப்பது என் வேலை அல்ல. அவருடைய காணொளிகளைப் பார்த்த நம் பிள்ளைகளைப்பற்றியே என் கவலை. அவரிடம் அந்த உடை இருந்தது. இவர்களிடம் பெரும்பாலும் ஒரு டி-சட்டையும், டேங்கின்மேல் வைத்த ஹெல்மெட்டும்தான் இருக்கின்றன.

ஆகவே வாலிபத் தம்பிமாருக்கு நான் சொல்லுவது இது. இப்போதிருக்கும் 150 சி.சி. வண்டியை முழுதாய்க் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தை அதில் கடந்து பாருங்கள். அவசரத்தில் முன்பிரேக்கை வழுக்காமல் பிடிக்கத் தெரிகிறதா? வளைவில் லாரியைப் பார்க்காமல் தப்பும் வழியைப் பார்க்கக் கண் பழகியிருக்கிறதா? பிறகு முந்நூறு நானூறு சி.சி.க்குப் போங்கள், அதிலே சில வருடம் தங்குங்கள். அங்கேயே மனம் நிறைந்துவிடும் என்பது பலருடைய அனுபவம். வேகமே வேண்டுமென்றால் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை அதற்கு இடமல்ல. அதை ஒட்டிய ஊர்களின் ஜனங்கள் பால் வாங்கவும் வேலைக்குப் போகவும் கடக்கிற சாலை அது. அந்த நாட்களில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்க்கப் போனதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். இன்று இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து வெகுதூரம் இல்லை. முறையான ஓட்டுநர் பயிற்சிகள் அங்கே நடந்திருக்கின்றன. வண்டிக்குச் சேர்க்கிற பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் அதற்குச் செலவிடுங்கள். அந்தத் தடமும் விளையாட்டுத்திடல் அல்ல. 2023 ஆகஸ்டில் அங்கே பந்தயத்தில் விழுந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் மரித்தான். மருத்துவரும் ஆம்புலன்ஸும் காத்திருக்கிற இடத்திலே அப்படியென்றால், திருநின்றவூர்ச் சாலையில் எப்படி?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகன் மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை, சாப்பிடவில்லை என்பதற்காக நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிற தாய்மார் இருக்கிறார்கள். கோபுரம் கட்டுமுன் செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னார் நம் ஆண்டவர் (லூக்கா 14:28). பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஒரு ஜோடி டயர் விலைக்குப் பழைய நூறு சி.சி. வண்டி ஒன்றே வாங்கிவிடலாம்; காப்பீடும் சர்வீஸும் வேறு. மறுக்கும்போது ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘இன்னும் இல்லை தம்பி, இந்தப் படிக்குப்பின் அந்தப் படி’ என்று சொல்லுங்கள். முந்தினது கதவை அடைக்கிறது. பிந்தினதில் பிள்ளைக்கு ஒரு வழி தெரிகிறது. பதினெட்டு நிரம்பாத பிள்ளையின் கையில் சாவி கொடுப்பதோ சட்டப்படியே குற்றம். 2019-இன் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

சாந்தகுணமுள்ளவர்களைப்பற்றிய மலைப்பிரசங்க வார்த்தையை வாலிபர்கள் விரும்புவதில்லை; கோழைத்தனம்போல் தொனிக்கிறதாம். அங்கே மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லின் இனத்தைச் சேர்ந்த சொல்லை, செனொபோன் தன் குதிரையேற்ற நூலில், மனிதர் கைக்குப் பழகிய இளங்குதிரைக்கு வழங்குகிறான். அந்தக் குதிரையின் பலம் குறைந்துபோகவில்லை. பலம் அப்படியே இருக்கிறது, கடிவாளத்துக்கும் இணங்குகிறது. என்ஜினுக்குக் கடிவாளம் உங்கள் வலது மணிக்கட்டு.

இனிமேல் ஆலய வாசலில் பெரிய வண்டி வந்து நின்றால் நான் ஜெபிக்க மறுக்கமாட்டேன். ஆனால் முன்னதாகச் சில காரியங்களைக் கேட்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதற்குமுன் என்ன வண்டி, எத்தனை வருடம் ஓட்டினீர்கள்? தவணை யார் சம்பளத்தில் போகிறது? அம்மாவுக்குச் சம்மதமா? அம்மாவும் வாசலில் நிற்கட்டும். சாவியோடு ஹெல்மெட்டையும் கொண்டுவாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கு உரியதையும் சேர்த்து, இரண்டு.